துவரையும் தட்டைப்பயிறும் வண்டு விழாமற் காக்கும் வீட்டு முறைகள்

கொங்கு நாட்டில் ஆடிப் பட்டத்தில் விதைக்கும் மானாவாரித் துவரை தை மாதத்தில் களத்துக்கு வருகிறது. தட்டைப்பயிறு, அவரை, பச்சைப்பயிறு முதலியனவும் அதற்கு முன்னும் பின்னுமாக வீடு சேர்கின்றன. களத்தில் மணிமணியாய்ப் பளபளத்த பயிறு, சித்திரை மாதத்தில் மொடாவைத் திறக்கும்போது வட்ட வட்டமாய்த் துளை விழுந்து, கையில் எடுத்தால் மாவாய் உதிர்வதைக் காணாத குடியானவர் வீடு இப்பிரதேசத்தில் அநேகமாய் இல்லையென்றே சொல்லலாம்.

இதனால் உண்டாகும் நஷ்டம் பருப்பு நஷ்டம் மாத்திரம் அன்று. துளை விழுந்த பயிறு முளைப்பதும் அரிது. ஆகவே அடுத்த ஆடியில் விதைக்கென்று ஒதுக்கி வைத்தது போய், சந்தையில் இன்ன ரகமென்று தெரியாத பயிற்றை அதிக விலை கொடுத்து வாங்கி விதைக்க நேரிடுகிறது.

இவ்விரண்டினும் கொடிய விஷயம் ஒன்றுண்டு. பெரிய கிடங்குகளில் தானியத்துக்குப் புகை போடுவதற்கென்று ஏற்பட்ட அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளைச் சிலர் எவ்விதமாகவோ சம்பாதித்து, துணியில் முடிந்து வீட்டு மொடாவுக்குள் போட்டுவிடுகிறார்கள். அம்மாத்திரை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு பாஸ்பீன் என்னும் விஷ வாயுவாக மாறுகிறது. மூடியின் இடுக்கு வழியே கசியும் அவ்வாயு, பக்கத்தில் படுத்துறங்கும் குழந்தையையும் பெரியவரையும் வேறுபாடின்றிக் கொல்ல வல்லது. இதற்கு மாற்று மருந்து கிடையாது. இதனை அரசாங்க ஸ்தாபனங்களும், உரிமம் பெற்ற பூச்சி ஒழிப்போரும், தக்கவர்களின் மேற்பார்வையில் மாத்திரமே கையாள வேண்டுமென்று சட்டமிருக்கிறது. ஒரு மொடாப் பயிற்றுக்காக இம்மாத்திரையை வீட்டுக்குள் கொண்டுவருவது எவ்விதத்திலும் தகாத காரியம். அரிசியில் போரிக் பவுடர் கலந்து வைக்கும் வழக்கத்தையும் இத்துடன் சேர்த்தே கைவிடுதல் வேண்டும். அதுவும் உண்ணத் தகாத விஷமே.

ஆனால் "போடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு நாம் அகன்றுவிட்டால் குடியானவர் என் செய்வார்? பயிற்றைக் காக்க வேறு வழி காட்டியாக வேண்டுமல்லவா? அவ்வழிகள் நம் வீடுகளிலேயே உள்ளன. பழைய முறைகள் பலிக்கவில்லை என்று சொல்பவர்களை விசாரித்துப் பார்த்ததில், முறையில் குற்றமில்லை, செய்யும் வரிசையிலேதான் குற்றம் என்பதைப் பலதடவை கண்டிருக்கிறேன். அவ்வரிசை விளங்குவதற்கு வண்டின் ஜீவியத்தைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

பயறு வண்டு மொடாவில் தானே உண்டாவதன்று; காட்டிலிருந்தே வருகிறது. செடியில் காய் முற்றும் தருணத்தில் தாய் வண்டு பறந்து வந்து காயின்மேல் முட்டையிடுகிறது. வீட்டில் சேமித்த பயிற்றிலோ, வழவழப்பான மணியின் தோல்மேல் வெள்ளைப் புள்ளிபோல் முட்டையை ஒட்டவைத்துவிடுகிறது. சில தினங்களில் முட்டையினின்று வெளிப்படும் புழு, மணிக்குள் நேரே துளைத்துச் சென்று, உள்ளிருந்தபடியே தின்று வளர்ந்து, கூண்டுப் பருவத்தையும் அங்கேயே கழித்து, வண்டாகித்தான் வட்டத் துளையிட்டு வெளியே வருகிறது. இதற்கெல்லாம் வெயிற்காலத்தில் சுமார் ஒரு மாதம் செல்லும். வெளிவந்த வண்டு பயிற்றைத் தின்பதில்லை. அது உயிரோடிருக்கும் சில நாட்களில் செய்யும் ஒரே வேலை முட்டையிடுவதாகும். ஒரு தாய் சுமார் 80 முட்டை இடுமென்றும், அவற்றிற் பாதி பெண்ணென்றும் வைத்துக்கொண்டால், இரண்டாம் தலைமுறையில் 3,200, மூன்றாம் தலைமுறையில் 1,28,000 என்று கணக்கு ஏறுகிறது. இது ஏட்டுக் கணக்கே. இடையில் மடிவன பல உண்டு. எனினும் தை மாதத்தில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி சித்திரையில் மொடா முழுவதும் நிறைவது எப்படி என்பது இதனால் தெளிவாகும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை இரண்டு. மணிக்குள் ஏற்கெனவே இருக்கும் புழுவைக் கொல்ல வேண்டும். பிறகு, புதிதாய் முட்டை ஒட்டாதபடி மணியின் மேற்புறத்தைக் காக்க வேண்டும். முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதை மாத்திரம் செய்வதே பெரும்பாலோர் செய்யும் தவறு.

புழுவைக் கொல்ல வெயிலே போதும். வெறுந்தரையில் பயிற்றைப் பரப்பிக் காயப் போட்டால் ஈரம் வற்றுமேயன்றிப் புழு சாகுமளவு சூடு ஏறுவது நிச்சயமில்லை. கீழ்க்கண்டவாறு செய்க. களத்தில் வைக்கோலையோ பழஞ்சாக்கையோ மெத்தைபோல் விரித்து, அதன்மேல் கறுப்புப் பாலிதீன் தாளைப் போடவும். அதன்மேல் பயிற்றை ஓர் அங்குல கனத்துக்கு மேற்படாமல் பரப்பவும். அதனைத் தெளிந்த பாலிதீன் தாளால் மூடி, ஓரங்களில் வரிசையாய்க் கல் வைத்துக் காற்றுப் புகாமல் அடைத்துவிடவும். கறுப்புத் தாள் வெயிலை வாங்குகிறது. மேல் தாள் சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது. வைக்கோல் அதைத் தரைக்குள் இறங்கவொட்டாமல் செய்கிறது. உள்ளே 57 டிகிரி சென்டிகிரேடு சூடு ஒரு மணி நேரம் நின்றால் முட்டை, புழு, வண்டு யாவும் மடியுமென்று பரீட்சைகளால் அறியப்பட்டிருக்கிறது. நல்ல வெயிலுள்ள மாசி, பங்குனி மாதத்து உச்சிப் பொழுதில் இரண்டு மணி நேரம் விட்டுவைத்தல் பத்திரமாகும். ஈரமுள்ள பயிற்றை இவ்விதம் மூடலாகாது. முதலில் இரண்டொரு நாள் திறந்த வெயிலில் உலர்த்திய பின்னரே மூட வேண்டும்.

உலர்ந்ததா என்பதைப் பல்லால் கடித்துப் பார்ப்பது நம் வழக்கம். அநுபவசாலிகளின் பல் பொய் சொல்வதில்லை. சந்தேகமுள்ளவர்கள் உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் ஒரு பிடி பயிற்றையும், நன்றாய் உலர்ந்த தூளுப்பு ஒரு கரண்டியையும் போட்டுச் சில நிமிஷம் குலுக்கிப் பார்க்கட்டும். உப்பு புட்டியின் சுவரில் ஒட்டினால் பயிற்றில் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் ஈரம் இருக்கிறதென்று கொள்க. ஒட்டவில்லையென்றால் அவ்வளவு ஈரமில்லை என்பது மாத்திரமே பொருள். பயிறு நெடுநாள் நிற்பதற்கு ஈரம் பத்துக்குள் இறங்க வேண்டுமாதலால், உப்பு ஒட்டாத பிறகும் ஒரு வெயில் காட்டுவது நலம்.

இனிச் செம்மண் கட்டுதல். இம்முறையைப் புதிதாய்ச் சொல்லவேண்டிய அவசியமில்லை. பல்லடம், அவிநாசிப் பக்கத்துச் சாளைகளில் வயதான பெண்மணிகள் கண்ணை மூடிக்கொண்டும் செய்வார்கள். செம்மண்ணை நயமாய்ச் சலித்து, நீர் விட்டுப் பாயசப் பதத்தில் கரைத்து, உலர்ந்த துவரையை அதில் புரட்டி, மணிதோறும் மெல்லிய மேற்பூச்சு ஏறும்படி பிசறி, அன்றைய வெயிலிலேயே பரப்பிக் கலகலவென்று ஓசை வரும்வரை உலர்த்தி மொடாவில் இடுவார்கள். உலர்ந்த நுண்ணிய மண் இரு வகையில் வேலை செய்கிறது. வழவழப்பான தோல் மறைந்துவிடுவதால் முட்டை ஒட்டுவதற்கு இடமில்லாமற் போகிறது. மேலும், வண்டின் உடம்பின்மேல் நீர் வற்றாமல் காக்கும் மெழுகுப் பூச்சு ஒன்று உண்டு. நுண்மண் அதைத் தேய்த்தும் உறிஞ்சியும் எடுத்துவிட, வண்டு உடல் நீர் வற்றி மடிகிறது. சர்க்கார் சிபார்சு செய்யும் முறைகளில் 100 கிலோ விதைக்கு ஒரு கிலோ வீதம் பதப்படுத்திய வெண்களிமண் தூளைக் கலப்பதும் ஒன்று. அதன் தத்துவமும் இதுவேயாகும். நம் பாட்டிமார்கள் பெயர் சொல்லாமல் செய்ததற்குப் பின்னால் பெயர் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியவை சில. மணலும் சரளையும் கலந்த மண் உதவாது. விரலில் தேய்த்தால் பட்டுப்போல் ஒட்டும் மண்ணே வேண்டும். மப்பு மந்தாரமான நாளில் மண் கட்டலாகாது. ஈரம் இரவு தங்கினால் விதையின் முளைப்பு கெடும். முக்கியமாக, மேலே சொன்ன வெயில் மூட்டம் முடிந்த பயிற்றுக்கே மண் கட்ட வேண்டும். மண் பூச்சு உள்ளிருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. அது உள்ளிருந்தபடியே வளர்ந்து துளையிட்டு வெளிவந்ததும், "மண் கட்டியும் வண்டு விழுந்ததே" என்று மண்ணின்மேல் பழி விழுகிறது.

கொஞ்சம் பயிற்றுக்கு மண் கட்டுவது தொந்தரவென்று நினைப்பவர்கள் எண்ணெய் பிசறி வைக்கலாம். ஒரு கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி, அஃதாவது ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டி போதும். உண்ணும் பயிற்றுக்கு ஆமணக்கெண்ணெயோ கடலையெண்ணெயோ, விதைக்கு வேப்பெண்ணெயோ கொள்க. எண்ணெய்ப் படலம் முட்டையின் மூச்சை அடைத்துவிடுகிறது. ஒவ்வொரு மணியிலும் மினுமினுப்பு ஏறும்வரை பொறுமையாய்ப் பிசறவேண்டும். எண்ணெய் படாத மணியில் பலனில்லை. பருப்பாகவே செலவழியப்போகும் துவரையை மாசியிலேயே உடைத்துவிடுவது இன்னும் சுலபம். உடைத்த பருப்பில் இவ்வண்டு அதிகமாய்ப் பெருகுவதில்லை.

வேப்பந்தழையைப் பற்றி எழுதுமுன் என் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். டிப்ளமாப் பரீட்சை தேறி உத்தியோகத்துக்கு வந்த புதிதில், காங்கயத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்துச் சாளையில் பயிறு காக்கும் விதத்தை விளக்கிக் காட்டச் சென்றிருந்தேன். அப்போதுதான் ஒடித்து வந்த பசுந்தழையை அடுக்கடுக்காய் மொடாவுக்குள் வைத்தேன். வீட்டுப் பெரியம்மாள் பார்த்துக்கொண்டிருந்து, "ஏனுங் தம்பி, பச்சத் தழைய உள்ள போட்டா வேர்த்துப் போகாதுங்களா? நாங்க நெழல்ல காயவெச்சுத்தானுங்க போடுவோம்" என்றார்கள். புத்தகத்தில் உலர்ந்த தழை என்றிருந்ததா, வெறுந்தழை என்றிருந்ததா என்பது அச்சமயம் எனக்கு நினைவில்லை. நினைவில்லாததை ஒப்புக்கொள்ளவும் மனமில்லை. "ஒன்றும் ஆகாது" என்று சொல்லி மூடிவிட்டு வந்தேன். ஒரு மாதம் கழித்துப் போனபோது இரண்டு வள்ளம் தட்டைப்பயிறு பூசணம் பூத்துக் கட்டியாய்க் கிடந்தது. அவ்வம்மாள் ஒரு சொல்லும் சொல்லாமல் மோர் கொடுத்தார்கள். அந்த மோரை விழுங்குவதற்கு நான் பட்ட கஷ்டம் இன்றும் நினைவிருக்கிறது. தழையை நிழலில் சருகாய் உலர்த்தியே போடவேண்டும். அதையும் வெயில், மண் ஆகியவற்றுக்குத் துணையாகக் கொள்ளலாமேயன்றித் தனியாக நம்பலாகாது. சாம்பலும் அப்படியே, ஆறியதாகவும் சலித்ததாகவும், மணிகளின் சந்தெல்லாம் நிரம்பும் அளவாகவும் இருந்தால்தான் பயன் தரும்.

பாத்திரத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். சூடேறிய பயிற்றை ஆறவிட்டே நிரப்ப வேண்டும்; இன்றேல் மூடியின் உட்புறம் வேர்க்கும். மொடாவாயினும் தகரமாயினும் வாய்மட்டும் நிரப்பி, மூடி இடுக்கைச் சாணமும் மண்ணும் பிசைந்து மெழுகுதல் நன்று. காற்று புகாவிடில் உள்ளிருக்கும் பூச்சி தன் மூச்சாலேயே தன்னைக் கொன்றுகொள்ளும். முன்னாளில் கோயமுத்தூர்ப் பிரதேசத்தில் சோளத்தைக் குழியில் கொட்டி மூடியதும் இந்த நியாயத்தாலேதான். அக்குழிகளைத் திறந்தவுடன் இறங்கியவர்கள் மூச்சுத் திணறி மாண்டதும் அதனாலேதான். 1980களின் இறுதியில் அமெரிக்க தேசத்துப் பர்டியூ சர்வகலாசாலையார் ஆப்பிரிக்காவிலுள்ள காமரூன் நாட்டில், நம்முடைய இதே தட்டைப்பயிற்றை இதே வண்டினின்று காக்கும்பொருட்டு, இரண்டு பாலிதீன் உறைகளை ஒன்றினுள் ஒன்றாக வைத்து, வெளியே நெய்த சாக்கிட்டுக் கட்டும் முறையை உருவாக்கத் தொடங்கினர். இதைக் கிழியாத இரண்டு கனத்த உறைகளைக் கொண்டு நம் வீட்டிலேயே செய்யலாம். ஒவ்வோர் உறையின் வாயையும் தனித்தனியே முறுக்கி மடக்கிக் கட்டவேண்டும். அடிக்கடி திறப்பவர்களுக்கு இதனால் பயனில்லை. மாதச் செலவுக்கு வேண்டியதைத் தனியே எடுத்துவைத்துக்கொள்ளவும்.

மொடாவுக்குள் வண்டு கிளம்பிவிட்டதா என்று அறிவதற்குக் கோயமுத்தூர் விவசாய சர்வகலாசாலையில் பூச்சியியல் பேராசிரியர் எஸ். மோகன் அவர்கள் எளிய பொறிகள் சிலவற்றை அமைத்தார்கள். பூச்சி காற்றை நாடிச் செல்லும் என்பதே அவற்றின் ஆதாரம். பயிற்றுக்குரிய பொறியில், மேற்பாகமெல்லாம் துளையிட்ட கூம்பு வடிவப் பாத்திரத்தில் 200 கிராம் பயிறு இடப்படுகிறது. வெளிவரும் வண்டு துளை வழியே காற்றுக்கு வந்து, வழுக்கிக் கீழுள்ள தட்டில் விழுகிறது. தட்டில் முதல் வண்டைக் கண்ட அன்றே மொடாவிலுள்ளதை வெயிலுக்கு எடுத்தால் முட்டையிடுமுன் பிடித்துவிடலாம். அரிசிக்குரியது வேறு. சுமார் 2 மில்லிமீட்டர் துளைகளிட்ட குழாயின் அடியில் கூம்பு பொருத்தி, அரிசிக்குள் செங்குத்தாய்ப் புதைத்து வைப்பார்கள். 25 கிலோ பாத்திரத்துக்கு இரண்டு, மூன்று வேண்டும். கைவேலை தெரிந்தவர் பிளாஸ்டிக் குழாயிலேயே இதனைச் செய்துகொள்ளலாம். ராகிக்கு மட்டும் இது ஆகாது. பூச்சிக்கு முன்னே ராகியே குழாய்க்குள் இறங்கிவிடும்.

விதைக்கென்று வைத்த பயிற்றை வைகாசிக் கடைசியில் ஒருதரம் திறந்து, நூறு மணியை எண்ணி, நனைத்த சாக்கில் சுருட்டி, உலராமல் நீர் தெளித்து நிழலில் வைக்கவும். ஆறாம் நாள் பிரித்து முளைத்தவற்றை எண்ணினால், 75க்கு மேலிருந்தால் ஐயமின்றி விதைக்கலாம். சிறிது குறைந்தால் விதையளவைக் கூட்டிக்கொள்ளவும். பாதிக்கும் கீழே இறங்கியிருந்தால், மண் கட்டிய துவரையைக் கழுவி உலர்த்திப் பருப்பாக உடைத்துக்கொண்டு, ஆடிக்கு இன்னும் ஒரு மாதமிருக்கும்போதே நல்ல விதைக்கு ஏற்பாடு செய்துகொள்ளவும்.