தரோலியா, கம்ப்ளீட்லியா, கேர்ஃபுல்லியா?

மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரம் முடிகிற நேரத்தில் ஒரு குரல் மூச்சு விடாமல் ஒப்பிக்கும் ஆங்கில வரி, ஒரு ரூபாய்கூட முதலீடு செய்யாதவர்களுக்கும் மனப்பாடம். முதலீடு சந்தை அபாயங்களுக்கு உட்பட்டது என்று சொல்லிவிட்டு, ‘ரீட் ஆல் ஸ்கீம் ரிலேட்டட் டாக்குமென்ட்ஸ் கேர்ஃபுல்லி’ என்று அது முடியும். எவ்வளவு படிக்க வேண்டும் என்பதை ‘ஆல்’ சொல்கிறது. எப்படிப் படிக்க வேண்டும் என்பதைக் ‘கேர்ஃபுல்லி’ சொல்கிறது. அளவுக்கு ஒரு சொல், கவனத்துக்கு ஒரு சொல். இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்ல ஆங்கிலத்தில் இருக்கும் சொல்தான் ‘தரோலி’.

நம் அலுவலகங்களில் இந்தச் சொல் படும் பாடு பெரிது. ஃபைலைப் பார்த்து முடித்ததும் ‘கம்ப்ளீட்லி செக்ட்’, ‘ஃபுல்லி செக்ட்’, ‘தரோலி செக்ட்’ என்று கைக்கு வந்ததை எழுதி மெயிலை அனுப்பிவிடுகிறோம். எழுதுபவருக்கு மூன்றும் ஒன்று. படிப்பவருக்கு மூன்றும் வெவ்வேறு வாக்குறுதி. பின்னால் அந்த ஃபைலில் ஒரு பிழை வெளிப்படும்போது, எதை வாக்களித்தோம் என்பதுதான் முதல் கேள்வியாக வந்து நிற்கும். அதனால் இதை வெறும் மொழிநடை விஷயமாக என்னால் பார்க்க முடியவில்லை.

கம்ப்ளீட்லி அகலத்தைப் பேசும் சொல். 300 பக்க அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு பக்கம் விடாமல் படித்துவிட்டால், கம்ப்ளீட்லி படித்தாயிற்று. அதில் ஒரு அட்டவணையின் கூட்டலைக்கூடச் சரிபார்க்காமல் இருந்திருக்கலாம். தரோலி ஆழத்தைப் பேசும். அதே அறிக்கையின் 3ஆம் அத்தியாயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று தேடி, அடிக்குறிப்பு வரை போய்ப் பார்த்தால், அந்த அத்தியாயத்தைத் தரோலி படித்தீர்கள். அறிக்கையைக் கம்ப்ளீட்லி படிக்கவில்லை. ஒன்று இருந்தால் மற்றது இருக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது.

ஆடிட்டர்களுக்கு இந்த வேறுபாடு தொழிலோடு வந்தது. பெரிய நிறுவனத்தின் கணக்கில் ஒவ்வொரு வவுச்சரையும் எடுத்துப் பார்ப்பது நடக்காத காரியம். மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள். எடுத்த மாதிரியைத் துருவிப் பார்க்கிறார்கள். ஆகவே அவர்களுடைய அறிக்கை ‘ரீசனபிள் அஷ்யூரன்ஸ்’ என்ற அளவோடு நிற்கிறது, முழு உத்தரவாதம் என்று போவதில்லை. எடுத்ததைத் தரோலி பார்த்திருப்பார்கள், ஆனால் எல்லாவற்றையும் கம்ப்ளீட்லி பார்த்ததாக எழுதமாட்டார்கள். மெயில் எழுதும் நாமும் இந்த ஒரு பழக்கத்தை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டில் எது என்று குழம்பினால் ஒரு எளிய சோதனை உண்டு. சொல்லுக்கு முன்னால் ‘மோர்’ போட்டுப் பாருங்கள். ‘செக் இட் மோர் தரோலி’ என்பது இயல்பான ஆங்கிலம். ஆழத்தில் இன்னும் இறங்க எப்போதும் இடம் இருக்கிறது. ‘ஃபினிஷ் இட் மோர் கம்ப்ளீட்லி’ என்பது காதில் இடறுகிறது, ஏனென்றால் முடிந்தது முடிந்ததுதான். நீங்கள் சொல்ல வரும் வேலையில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போக முடியும் என்றால் தரோலி பொருந்தும். ஆம் அல்லது இல்லை என்ற இரண்டே நிலைதான் என்றால் கம்ப்ளீட்லி. காலியான டப்பா ‘கம்ப்ளீட்லி எம்ப்டி’. இரண்டு விஷயம் ஒட்டவே ஒட்டாமல் வேறாக இருந்தால் ‘கம்ப்ளீட்லி டிஃபரன்ட்’. இந்த இடங்களில் தரோலி வந்தால் ஆங்கிலம் நன்கு தெரிந்தவர் ஒரு கணம் நின்றுதான் மேலே படிப்பார்.

கேர்ஃபுல்லியின் கவலை வேறு. ஏதாவது கெட்டுவிடுமோ, உடைந்துவிடுமோ, தவறிவிடுமோ என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. ‘டிரைவ் கேர்ஃபுல்லி’ என்று சாலையோரப் பலகை சொல்லும். அங்கே தரோலிக்கு இடமே இல்லை, ஏனென்றால் வண்டி ஓட்டுவதில் மூலை முடுக்கு விடாமல் போக வேண்டிய வேலை ஒன்றும் கிடையாது. கதவைத் திறப்பது போன்ற ஒற்றைச் செயலைக்கூடக் கேர்ஃபுல்லி செய்யலாம். தரோலி செய்ய வேண்டுமென்றால் அந்த வேலைக்குப் பல மூலைகள் இருக்க வேண்டும். கழுவுதல், தேடுதல், கலக்குதல், விசாரித்தல், ஆராய்தல், சோதித்தல் எல்லாம் அப்படிப்பட்ட வேலைகள். கைக்குழந்தையின் காது மடலைத் துடைக்கும்போது தேவைப்படுவது கேர்ஃபுல்லி, ஆஸ்பத்திரியில் தரையைத் துடைக்கும்போது தேவைப்படுவது தரோலி. அறுவைக் கருவிகளைச் சுத்தம் செய்பவருக்கு இரண்டும் வேண்டும். அங்கே இரண்டு சொல்லையும் எழுதுவது மிகையாகாது.

ஃபுல்லி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேவையான அளவு ஒன்று முன்பே குறிக்கப்பட்டிருக்கிறது, அது நிரம்பிவிட்டது என்றால் ஃபுல்லி. போன் ‘ஃபுல்லி சார்ஜ்ட்’, ஹோட்டல் ‘ஃபுல்லி புக்ட்’, கடன் ‘ஃபுல்லி பெய்ட்’. 2021இல் உலகமே உச்சரித்த ‘ஃபுல்லி வாக்சினேட்டட்’ என்பதும் இந்தக் கணக்குதான்: இத்தனை டோஸ் என்று விதித்திருந்தார்கள், அத்தனையும் போட்டாயிற்று.

அட்டர்லி என்றதும் நம் காதில் அமுல் வெண்ணெய் விளம்பரம்தான் ஒலிக்கும். அந்த விளம்பரத்தின் இனிமையை நம்பி எல்லா இடத்திலும் அதைப் போட்டுவிடக் கூடாது. ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் பாதகமான பக்கமே சாயும்: ‘அட்டர்லி யூஸ்லெஸ்’, ‘அட்டர்லி ரிடிகுலஸ்’. டோட்டலி பேச்சுக்கு உரியது. மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஹோல்லி சட்டமும் நிறுவனப் பதிவும் பேசும் சொல், ‘ஹோல்லி ஓன்ட் சப்சிடியரி’ என்பதில் அதை மாற்றவே முடியாது. என்டயர்லிக்கு ஒரு தனிப் பயன் உண்டு. ‘நாட் என்டயர்லி கன்வின்ஸ்ட்’ என்று எழுதினால், எனக்கு ஒப்புதல் இல்லை என்பதை மரியாதை குறையாமல் சொன்னதாகும். அந்த இடத்தில் தரோலி வராது.

மறுத்துச் சொல்லும்போதும் வேறுபாடு கூர்மையாகத் தெரியும். ‘ஐ ஹேவ் நாட் கம்ப்ளீட்லி ரெட் இட்’ என்றால் இன்னும் சில பக்கம் பாக்கி. ‘ஐ ஹேவ் நாட் ரெட் இட் தரோலி’ என்றால் மேலோட்டமாகப் பார்த்தேன், ஊன்றிப் படிக்கவில்லை. கூட்டத்தில் திடீரென்று கருத்துக் கேட்கப்படும் இளைஞர்களுக்கு இந்த இரண்டாவது வாக்கியம் பெரிய துணை. நேர்மையானது, மரியாதையானது, அவகாசமும் வாங்கித் தரும்.

வேலையை விட்டு உணர்ச்சிக்கு வந்தால் தரோலியின் முகம் மாறுகிறது. ‘தரோலி என்ஜாய்ட்’ என்பது மிக நல்ல, நயமான பாராட்டு. விருந்துக்கு அழைத்தவருக்கு நன்றி எழுதும்போது தயங்காமல் பயன்படுத்தலாம். கிரிக்கெட் வர்ணனையில் ‘தரோலி டிசர்வ்ட்’ என்று வெற்றியைச் சொல்வார்கள். வெட்கத்துக்கும் குழப்பத்துக்கும் சலிப்புக்கும்கூட இது பொருந்தும். இங்கே ஆராய்ச்சியும் இல்லை, மூலை முடுக்கும் இல்லை. அடி முதல் நுனி வரை என்ற அழுத்தம் மட்டுமே. ஒரு ஆளைத் தெரியும் என்று சொல்ல மட்டும் இதைக் கூப்பிடாதீர்கள். ‘ஐ நோ ஹிம் தரோலி’ என்று எழுதுவதைவிட ‘வெல்’ போதும்.

வாக்கியத்தில் இது உட்காரும் இடத்தில் நம்மவர்கள் அடிக்கடி தடுமாறுகிறார்கள். ‘ஹி செக்ட் தரோலி த ரிப்போர்ட்’ என்று வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் இதைச் செருகக் கூடாது. தமிழில் ‘ரிப்போர்ட்டை நன்றாகப் பார்த்தார்’ என்று பார்க்கப்படும் பொருள் முன்னால் போய்விடுவதால், சொல் வினையை ஒட்டியே நிற்கிறது. ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. வாக்கியத்தின் கடைசிக்குக் கொண்டுபோங்கள்: ‘ஹி செக்ட் த ரிப்போர்ட் தரோலி’. அல்லது வினைக்கு முன்னால் வையுங்கள்: ‘இட் ஹேஸ் பீன் தரோலி செக்ட்’.

‘தரோலி’யை ‘த்ரூலி’ என்று எழுதிவிடும் எழுத்துக்கூட்டல் தவறுக்குப் பின்னால் ஒரு பழைய உறவு இருக்கிறது. ‘த்ரூ’ என்ற சொல்லில் ஹெச்சுக்கும் ஆருக்கும் நடுவில் ஓர் ஓவைச் சேர்த்தால் ‘தரோ’. இரண்டும் பழைய ஆங்கிலத்தின் ஒரே சொல்லிலிருந்து பிரிந்தவை. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவருவது என்பதே அதன் பொருள். ஊடுருவிப் போகும் பாதையைக் குறிக்கும் ‘தரோஃபேர்’ என்ற சொல்லில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளின் 51ஆம் சங்கீதத்தில், பாவம் நீங்கக் கழுவ வேண்டும் என்று மன்றாடும் இடத்தில் ‘த்ரூலி’ என்றே இருக்கிறது. அன்று அது சரியான சொல். இன்று அப்படி எழுதினால் பிழை. உச்சரிப்பில் பிரிட்டிஷ்காரர்கள் ‘தரலி’ என்று நடுவை மெலிதாக விழுங்குவார்கள், அமெரிக்கர்கள் ‘தரோலி’ என்று ஓகாரத்தைத் தெளிவாகச் சொல்வார்கள். எது வந்தாலும் சரி, அழுத்தம் முதல் அசையில் விழ வேண்டும்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும்போதுதான் இந்தச் சொல் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அங்கே உடல்நலமே சம்பந்தப்பட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட பாதுகாப்பான உணவுக்கான 5 விதிகளில் ஒன்று ‘குக் தரோலி’. இறைச்சியின் வெளிப்புறம் வெந்தால் போதாது, நடுப்பகுதியும் 70 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்ட வேண்டும் என்பது அதன் பொருள். இதை ‘முழுமையாகச் சமைக்கவும்’ என்று மொழிபெயர்த்தால், பாக்கெட்டில் இருப்பது முழுவதையும் சமைக்கச் சொல்கிறார்கள் என்றுகூட ஒருவர் புரிந்துகொள்ளலாம். ‘உள்ளே வரை நன்றாக வேக வையுங்கள்’ என்றால் எந்தச் சமையலறையிலும் புரியும். கை கழுவுவதும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி சோப்பும் தண்ணீரும் கொண்டு கை கழுவி முடிக்க 40 முதல் 60 விநாடி ஆகும். விரல் இடுக்கு, புறங்கை, கட்டைவிரல், விரல் நுனி என்று அந்த முறை ஒவ்வொரு இடமாகப் போகிறது. ‘கைகளை முழுமையாகக் கழுவவும்’ என்ற அறிவிப்பில் அந்த இடங்கள் எதுவும் தெரிவதில்லை. ‘விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவுங்கள்’ என்பதில் தெரிகிறது.

தமிழ் இப்படிப்பட்ட இடத்தில் ஒரே சொல்லை எல்லா வேலைக்கும் மாட்டுவதில்லை, வேலைக்கு ஏற்ற முடிவைச் சொல்லிவிடும். கீரையை மண் போக அலசுகிறோம். மாவைக் கட்டியில்லாமல் கரைக்கிறோம். வீட்டை மூலை முடுக்கு விடாமல் பெருக்குகிறோம். வழக்கைத் தீர விசாரிக்கிறோம். பாடத்தை ஐயந்திரிபறக் கற்கிறோம். திருக்குறளின் கல்வி அதிகாரத்து முதல் குறளில் வரும் ‘கசடற’ என்ற சொல்லுக்கு, ட்ரூவும் லாசரஸும் 19ஆம் நூற்றாண்டில் செய்த ஆங்கில உரைநடை மொழிபெயர்ப்பு தேர்ந்தெடுத்தது தரோலியைத்தான். கம்ப்ளீட்லி என்று போட்டிருந்தால் எல்லா நூலையும் கற்கச் சொன்னதாக ஆகியிருக்கும். கேர்ஃபுல்லி என்றால் பயந்து பயந்து கற்கச் சொன்னதாக ஆகியிருக்கும். கற்றதில் அழுக்கு தங்காமல் கற்பது என்ற பொருளுக்கு அவர்கள் எடுத்த சொல் மிகப் பொருத்தமானது என்பது என் எண்ணம். மொழிபெயர்ப்பவர்களுக்கு நான் சொல்வது: ‘முழுமையாக’ என்று கை தானாக எழுதப் போகும்போது நிறுத்தி, இந்த வேலை சரியாக முடிந்தால் எது போயிருக்கும், எது மிச்சமிருக்காது என்று கேளுங்கள். அந்தப் பதிலையே எழுதுங்கள்.

அலுவலக மெயிலுக்கும் இதே வழி பொருந்தும். ‘தரோலி செக்ட்’ என்று எழுதியதோடு நிறுத்தாமல், எதையெதைப் பார்த்தீர்கள் என்று அடுத்த வரியில் எழுதுங்கள்: கூட்டல், தேதி, கையெழுத்து, இணைப்புகள். பட்டியல் எழுத வந்தால் சொல் நிற்கட்டும். பட்டியல் எழுத வராவிட்டால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, பார்த்ததை மட்டும் சொல்லி அனுப்புங்கள்.