முதற் சீலமும் நம் வாழ்க்கையும்

பஞ்சசீலம் ஏற்கும் ஒவ்வொருவரும் முதலாவதாகக் கூறுவது, உயிர்க்கொலையினின்று விலகி நிற்பேன் என்னும் உறுதிமொழியேயாகும். நாவினாற் கூறுதற்கு எளிதாகிய இச்சீலம், நாள்தோறும் கைக்கொள்ளுங்கால் பல ஐயங்களை விளைவிக்கின்றது. மைசூர் மைன்ஸ் எனப்பெற்ற இத்தங்கவயலில் பௌத்தர்களாகிய நம்மிடையே இருவகைக் கூற்றுக்கள் வழங்குவதுண்டு. "புலால் உண்பவன் பௌத்தனாகான்" என்பது ஒன்று. "பகவான் புலாலைத் தடுத்தாரில்லை, ஆதலின் நமக்குக் கவலையில்லை" என்பது மற்றொன்று. இவ்விரண்டும் நேர்வழியினின்று விலகியவை என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

கொலை என்பது யாது?

கொலை என்னும் தீவினை நிறைவுறுதற்கு ஐந்து உறுப்புக்கள் வேண்டுமென உரையாசிரியர்கள் வகுத்துள்ளனர். உயிருள்ள ஒன்று இருத்தல், அஃது உயிருள்ளதென அறிதல், அதனைக் கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அம்முயற்சியால் அவ்வுயிர் நீங்குதல் என்பன அவை. இவற்றுள் தலையாயது எண்ணமே. வண்டிச் சக்கரத்தின்கீழ் அறியாது எறும்பு நசுங்கினால் அது கொலையாகாது. கண்ணி வைத்து முயலைப் பிடித்தடித்தால் அது கொலையேயாம்.

தம்மபத உரையில் குக்குடமித்தன் என்னும் வேடனின் கதை வருகின்றது. அவன் மனைவி இளமையிலேயே தம்மத்தை உணர்ந்து சோதாபத்தி நிலை எய்தியவள். எனினும் கணவன் கேட்டபோதெல்லாம் வில்லையும் வலையையும் எடுத்துக் கொடுத்து வந்தாள். அவள் கொலைக்கு உடந்தையன்றோ எனப் பிக்குகள் வினவினர். புண்ணில்லாத கையில் நஞ்சு ஏறாதவாறுபோல, கொல்லும் எண்ணமில்லாத உள்ளத்தில் அத்தீமை பற்றாதென்று பகவான் விளக்கினார். ஆயினும் கதை அவ்வளவில் முடியவில்லை. பகவானைக் கண்டபின் அவ்வேடனும் அவன் புதல்வரும் அத்தொழிலையே விடுத்தனர். எண்ணத்தின் தூய்மை ஒருவரைக் காக்கும். ஆனால் தம்மம் விரும்புவது வில்லே கீழே வைக்கப்பெறுதலை என்பது இதன் கருத்தாம்.

பிக்குவும் இல்லறத்தானும்

மஜ்ஜிம நிகாயத்தின் ஜீவக சூத்திரத்தில், தனக்கெனக் கொல்லப்பட்டதைக் கண்டும், கேட்டும், ஐயுற்றும் இராத புலாலைப் பிக்கு ஏற்கலாம் எனப் பகவான் அருளினார். புலாலை முற்றும் தடுக்குமாறு தேவதத்தன் வேண்டியபோது அதனை மறுத்தும் உள்ளார். இலங்கைப் பிக்குகள் இவ்வழி நிற்கின்றனர். சீன தேசத்துப் பிக்குகளோ இலங்காவதார சூத்திரம் முதலிய மகாயான நூல்களைப் பின்பற்றிப் புலாலை அறவே நீக்கியுள்ளனர்.

நாம் இங்கே ஒன்றை மறத்தலாகாது. அவ்விதி, வீடுதோறும் பாத்திரமேந்தி, இட்டதை உண்ணும் பிக்குவுக்கு வகுக்கப்பட்டது. இல்லறத்தானோ காசு கொடுத்து வாங்குகின்றான். அங்குத்தர நிகாயம் உபாசகனுக்கு ஆகாத வாணிகங்கள் ஐந்தெனக் கூறும். ஆயுதம், உயிர்கள், மாமிசம், மது, நஞ்சு என்பவற்றின் விற்பனையே அவை. நாம் செய்யத்தகாத தொழிலை நமக்காக வேறொருவர் செய்யுமாறு வாங்குவோனாகிய நாமே இடங்கொடுப்பது முறையோ? இவ்வினாவுக்கு எளிய விடையில்லை. ஆனால் இவ்வினா எழாத உள்ளம் உறங்கும் உள்ளமாகும்.

சாதுவன் காட்டிய படி

இதற்கு வழிகாட்டுவது நம் மணிமேகலைக் காப்பியமே. ஆதிரையின் கணவனாகிய சாதுவன் கலம் உடைந்து நாகர் மலையை அடைந்தான். கள்ளும் ஊனும் தந்த நாகர் தலைவனிடம் அவற்றை மறுத்துத் தருமம் உரைத்தான். இவற்றை விடுதல் தம்மால் இயலாதென்றும், தமக்கு இயன்ற அறத்தைக் கூறுமாறும் தலைவன் வேண்டினான். சாதுவன் அவனை இகழவில்லை. கலம் உடைந்து வருவோரைக் கொல்லாது காக்கவும், மூப்பால் தாமே இறக்கும் விலங்குகளையன்றிப் பிற உயிர்களுக்குத் தீங்கு செய்யாதிருக்கவும் கற்பித்தான். நிற்கும் படியினின்று அடுத்த படிக்கு ஏற்றுவதே பௌத்த போதனை.

இச்செய்தி நம்மவர்க்குப் பெரிதும் உரியது. தானே இறந்த மாட்டின் ஊனை உண்டதற்காகவே எத்துணைத் தலைமுறைகள் இழிவுபடுத்தப்பட்டன! அம்மக்கள் பண்டைப் பௌத்தரே என்றும், அவ்வூனே தீண்டாமைக்குக் காரணமாக்கப்பட்டதென்றும் பாபாசாகேப் அம்பேத்கர் 1948-ல் வெளியிட்ட நூலில் வாதித்தார். அதற்குமுன், 1927-ல் மகாடில், அவ்வூனை விட்டுவிடுமாறு தம் மக்களிடம் கூறியவரும் அவரே. அது கொலைப்பாவம் என்பதற்காகவன்று, தன்மதிப்புக்காக. ஆகவே உணவைக்கொண்டு பிறப்பை அளப்பவர் சொல்லுக்கு நாம் அஞ்சவேண்டுவதில்லை. நம் முதற் சீலம் அவர்களுக்கு விடையன்று. உயிர்களுக்கு நாம் தரும் அபயம்.

அசோகரின் நேர்மை

1915-ல் மஸ்கியில் அசோகரின் பெயர் பொறித்த கல்வெட்டைக் கண்டெடுத்தவர் பீடன் என்னும் தங்கச்சுரங்கப் பொறியாளர். சித்திரதுர்க்கத்தைச் சேர்ந்த பிரம்மகிரிக் கல்வெட்டோ, பெற்றோரைப் பேணுதல், வாய்மை என்பவற்றோடு உயிர்களிடத்து மதிப்பையும் வற்புறுத்துகின்றது. அம்மன்னர் வேட்டைப் பயணங்களை விடுத்துத் தருமயாத்திரை மேற்கொண்டார். தம் மடைப்பள்ளியில் முன்பு நூறாயிரக்கணக்கில் உயிர்கள் கொல்லப்பட்டன என்றும், இப்போது இரண்டு மயிலும் ஒரு மானுமே, அம்மானும் எப்போதுமன்று என்றும், இனி அவையும் இல்லையாம் என்றும் பாறையிற் பொறித்தார். எஞ்சிய குறையை மறையாது உரைத்த இந்நேர்மை நமக்கும் வேண்டும்.

பயன்படுத்தப்படுவோரின் நோவு

விலங்கைக் கருவியாகக் கொள்வது பற்றியும் சிந்திப்போம். வட ஆற்காட்டினின்று இங்கு வந்த குடும்பங்கள் பல. அவற்றின் உறவினருள் ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலால் பிழைப்போரும் உண்டு. வேறு பிழைப்பில்லாதவர்மீது குற்றம் சுமத்துதல் தம்மமன்று. எனினும், பயன்படுத்தப்படுதல் இன்னதென நம்மைவிட அறிந்தவர் யார்? மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், பாறை வெடிப்புகளில் நம் முன்னோர் மாண்டனர். அப்பொன்னை அணிந்தவர் அச்சாவை எண்ணினாரல்லர். எனினும் அதனை ஒருநாளேனும் நினைத்தல் வேண்டுமென நாம் கேட்கின்றோம். சுரங்கங்கள் 2001-ல் மூடப்பட்ட பின்னும் அக்கேள்வி நம் நெஞ்சில் உளது. கழுத்திற் கயிறிட்டு இழுக்கப்படும் ஆடும் அதே கேள்வியை நம்மிடம் கேட்கின்றது. பிறர் நம்மை நினைக்க வேண்டுமென்னும் நாம், அதனை நினையாதிருத்தல் தகுமோ?

உபாசகர் கைக்கொள்ள வேண்டியவை

1. விளையாட்டாகவோ விழாவின் பெயராலோ வேட்டையாடுதல் கூடாது. பொங்கலையொட்டிச் சில ஊர்களில் நிகழும் முயல் வேட்டை, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் மாறானது.

2. நமக்கெனவோ நம் விருந்தினர்க்கெனவோ ஓர் உயிரைக் கொல்லுமாறு ஏவுதல் கூடாது.

3. உழைக்கும் மாட்டையும் கழுதையையும் அளவுக்கு மீறிச் சுமக்கச் செய்யாது, நோயுற்றபோது மருந்தளித்தல் வேண்டும். விலங்குகளுக்கும் மருத்துவம் வகுத்தவர் அசோகர்.

4. உபோசத நாட்களில் மீன் பிடித்தலையும் விற்றலையும் அசோகர் தடுத்தார். அந்நாட்களிலேனும் புலாலை விட்டுப் பழகுக. பழகியபின் மேலும் குறைக்க.

5. பிறருடைய உண்கலத்தைப் பார்த்து அவரை இகழாதிருத்தல் வேண்டும். சீலம் பிறரை அடிக்கும் கோலன்று. தன்னைத் தான் பயிற்றும் விரதம்.

இன்று ஒரு படி ஏறியவர், நாளை மறுபடியைக் காண்பர். ஆதலின் ஒவ்வொரு முறையும் முதற் சீலத்தைக் கூறுங்கால், சென்ற பௌர்ணமிக்கும் இப்பௌர்ணமிக்கும் இடையே எவ்வுயிர்க்கு நம்மால் அச்சம் குறைந்தது என்று நம்மையே வினவுவோமாக.