தெருவைப் பார்த்து ஒரு வளைந்த திண்ணை

மயிலாப்பூரில் லஸ் பக்கம் எங்கள் அடுக்ககத்தின் மதில் சாய்ந்து, இடித்துக் கட்டியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தது. சங்கக் கூட்டத்தில் நான் ஒன்று கேட்டேன். மதிலை ஐந்தடி உள்ளே தள்ளிக் கட்டி, விடுகிற இடத்தில் தெருவைப் பார்த்து ஒரு பொது இருக்கை போட்டால் என்ன? மாடவீதிகளின் பழைய வீடுகளில் திண்ணை அப்படித்தானே இருந்தது. வீட்டுக்காரர் தன் மனையிலேயே வழிப்போக்கருக்கு விட்ட இடம் அது. வீடுகள் ஃபிளாட் ஆனபோது முதலில் போனதும் அதுதான்.

வடிவத்தை பார்சிலோனாவிலிருந்து எடுத்துக்கொண்டேன். அங்கே அந்தோனி கௌதி 1900 முதல் 1914 வரை உருவாக்கிய கூயல் பூங்காவில், ஒரு பெரிய முற்றத்தின் விளிம்புச் சுவரே சுமார் 110 மீட்டர் நீளத்துக்கு இருக்கையாக நெளிந்து ஓடுகிறது. கௌதியோடு வேலை செய்த ஜுஜோல் அதன்மேல் உடைந்த டைல்ஸ் சில்லுகளைப் பதித்தார். அங்குள்ள கத்தலோனியர்கள் ட்ரென்காடிஸ் என்று சொல்லும் இந்த வேலை நம் கொத்தனார்களுக்குப் புதிதல்ல. வெயில் இறங்காமலிருக்க மொட்டைமாடியில் போடும் வெள்ளை சைனா மொசைக் இதேதான். மேஸ்திரியிடம் படத்தைக் காட்டினேன். "மாடித் தளம் மாதிரிதான் சார், வளைச்சுப் போடணும், அவ்வளவுதானே" என்றார்.

வளைவில்தான் எல்லாம் இருக்கிறது. நேர் பெஞ்சில் நான்கு பேர் உட்கார்ந்தால் நான்கு பேரும் ரோட்டைத்தான் பார்ப்பார்கள். உள்வளைவில் உட்கார்ந்தவர்களுக்கு எதிரில் ஒரு முகம் இருக்கும், பேச்சு தானாக வரும். பேச விரும்பாதவருக்கு வெளிவளைவு. இரண்டும் இருந்தால்தான் முன்பின் தெரியாதவர்கள் சங்கடமில்லாமல் ஒரே இருக்கையில் உட்கார முடியும். வளைவைக் காகிதத்தில் வரையாதீர்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸைத் தரையில் போட்டு வளைத்து, நாற்காலிகளை வைத்து உட்கார்ந்து பார்த்து நகர்த்துங்கள். திருப்தியானதும் அதையொட்டிக் கோலமாவு தூவிவிட்டால் மேஸ்திரிக்கு அதுவே வரைபடம். ஐந்தடி கேட்டதற்கும் காரணம் உண்டு. உட்கார்ந்தவர் கால் நீட்டினாலும் நம் மனைக்குள்ளேயே இருக்க வேண்டும். நடைபாதை நடப்பவர்களுடையது, அதில் ஓர் அங்குலம்கூட எடுக்கக் கூடாது.

உயரத்தை இளைஞர்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். 16 அங்குலம் அவர்களுக்குப் போதும், முழங்கால் வலிக்காரர் எழுந்திருக்க 18 வேண்டும். ஒரு முனையில் கையூன்ற ஒரு பிடி வையுங்கள். சென்னையில் ரோட்டையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு எத்தனையோ வாசல்கள் பள்ளமாகிவிட்டன. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டார். இருந்தாலும் கால் வைக்கும் தரையை ரோட்டைவிட ஆறு அங்குலமாவது உயர்த்தி, பக்கத்தில் ஒரு சரிவுப் பாதை விடுங்கள். ஐப்பசி மழையில் அதன் அருமை தெரியும்.

உட்காரும் பரப்பு ரசமட்டத்தில் சரியாக இருந்தால் தண்ணீர் தேங்கும். அதனால் முதுகுச் சுவரை நோக்கி லேசான வாட்டம் கொடுத்து, இரண்டும் சேரும் மூலையில் சிறு பிவிசி குழாய்களைப் பதித்து நீரை வெளியேற்றினோம். கௌதியின் இருக்கையிலும் நீர் வடியத் துளைகள் உண்டு.

உடைந்த டைல்ஸுக்கு அலைய வேண்டாம். கடைகளில் சேதமான பெட்டிகள் ஓரமாகக் கிடக்கும், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட வேண்டும். எங்கள் கொத்தனார் டைல்ஸைச் சாக்குக்குள் வைத்துச் சுத்தியலால் தட்டுவார். சில்லு தெறிக்காது, துண்டுகளும் உள்ளங்கை அளவில் விழும். பிறகு ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் விளிம்போடு தடவிப் பார்ப்பார். உடைந்த பக்கம் உள்ளே, வழவழப்பான பக்கம் வெளியே. முன்விளிம்பில் தொடை உரசும் இடத்துக்கு நல்ல ஓரமுள்ள துண்டுகளைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். வெள்ளை சிமெண்ட் பூசிக் காய்ந்ததும் சாணைக்கல்லால் ஒரு தரம் தேய்த்தார். பெரும்பகுதி வெள்ளையாகவே இருக்கட்டும். கறுப்பும் கரும்பச்சையும் அழகுதான், ஆனால் சித்திரை வெயிலில் உட்கார முடியாது. நிழலுக்குப் பக்கத்தில் புங்கமரம் இருந்தால் அதன் அடியைச் சுற்றி மூன்றடி மண்ணைச் சிமெண்டால் மூடாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

"கண்டவர்களும் வந்து உட்காருவார்களே" என்ற எதிர்ப்பு வரும், எங்களுக்கும் வந்தது. உட்கார வேண்டும் என்றுதானே கட்டுகிறோம் என்று சொன்னேன். ஒரு விளக்கு, ஒரு குப்பைத்தொட்டி, வாட்ச்மேனின் பார்வைக்குள் இடம் என மூன்றுக்கும் ஏற்பாடு செய்த பிறகு அச்சம் குறைந்தது. மத்தியானத்தில் சாப்பாடு கொண்டுவரும் பையன்கள், பூக்காரம்மா, அடுத்த வீட்டு வேலைக்குப் போகுமுன் மூச்சு வாங்கும் பெண்கள் என்று வருகிறார்கள். பங்குனியில் அறுபத்துமூவர் திருவிழா அன்று குழந்தைகளோடு வருகிறவர்கள் கால் ஆறிப் போகிறார்கள்.

மயிலாப்பூரிலும் அடையாறிலும் தி.நகரிலும் பழைய ஃபிளாட்டுகளை இடித்துப் புதிதாகக் கட்டும் காலம் இது. உங்கள் கட்டடத்துக்கும் அந்தப் பேச்சு வந்திருந்தால், வரைபடத்தில் கையெழுத்துப் போடும் முன்பே தெருப் பக்கம் ஐந்தடி கேட்டு வாங்கிவிடுங்கள். மதில் எழும்பிவிட்டால் அதற்காக யாரும் இடிக்கச் சம்மதிக்க மாட்டார்கள்.