பிஸ்மத் படலத்தின் விந்தை

மாலைப்பொழுதில் சுரக்குடியில் ஒரு வீட்டின் விளக்கு எரிகின்றது. அதற்குரிய மின்சாரம் கம்பி வழியே வரும்போதே, அதன் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாக மாறி வீணாகின்றது. கம்பியின் மின்தடையே இதற்குக் காரணமாகும். கடைமடைக்கு வரும் வாய்க்கால் நீரை வழிநெடுக மண் உறிஞ்சிக்கொள்வது போன்றது இது.

தடையே இல்லாத பொருள் உண்டா? உண்டு. 1911-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு லைடன் நகரில் காமர்லிங் ஆன்னஸ் என்னும் அறிஞர் பாதரசத்தை ஏறத்தாழ −269 டிகிரி சென்டிகிரேடு வரை குளிர்வித்தார். அதன் மின்தடை திடுமென மறைந்தது. இத்தன்மையை மீக்கடத்துதிறன் என்பர். 1957-இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் என்னும் மூவர் இதற்கு விளக்கம் கண்டனர். தனித்தனியே ஓடி, மோதி, ஆற்றலை இழக்கும் எலெக்ட்ரான்கள், கடுங்குளிரில் இரண்டிரண்டாக இணைந்து ஒருசேரச் செல்கின்றன என்பது அவர்தம் கொள்கை.

பிஸ்மத் என்னும் உலோகத்தின் போக்கு விந்தையானது. கட்டியாயுள்ள பிஸ்மத்தை ஹீலியத் திரவத்தில் அமிழ்த்தினாலும் அதன் தடை மறைவதில்லை. ஆயின் 1954-இல் ஜெர்மானிய அறிஞர்களான புக்கெலும் ஹில்ஷும் அதனை ஆவியாக்கி, மிகக் குளிர்ந்த பரப்பின்மீது மென்படலமாகப் படியச் செய்தனர். அணுக்கள் அணிவகுக்க நேரமின்றி, விழுந்த இடத்திலேயே நின்றுவிட்டன. அப்படலம் ஏறத்தாழ 6 கெல்வினில், அதாவது −267 டிகிரியில், தடையற்றதாயிற்று! சற்றே சூடேற்றியதும் அணுக்கள் ஒழுங்குபெற்றன, மீக்கடத்துதிறனும் போயிற்று. ஒழுங்கே கேடாகும் என்று யார் எண்ணியிருப்பர்?

இதனினும் வியப்பு 1989-இல் வெளிப்பட்டது. ஒரு மில்லிமீட்டரைக் கோடி கூறாக்கினால் ஒரு கூறு ஓர் ஆங்ஸ்ட்ரம் ஆகும். அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஹாவிலண்டு, லியூ, கோல்டுமன் என்போர், ஏறத்தாழ 4 முதல் 74 ஆங்ஸ்ட்ரம் வரை தடிப்புள்ள பிஸ்மத் படலங்களை ஆராய்ந்தனர். மிக மெல்லியவை குளிரக் குளிர மின்சாரத்தைத் தடுக்கும் காப்புப் பொருள்களாயின. சற்றே தடித்தவை மீக்கடத்திகளாயின. இரண்டிற்கும் இடைப்பட்ட வேறுபாடு ஓர் அணுவின் பருமனிலும் குறைவு. சதுரப் படலத்தின் தடை ஏறத்தாழ 6,450 ஓமாக இருக்குமிடமே எல்லையாயிற்று. பிளாங்க் மாறிலியை எலெக்ட்ரான் இணையின் மின்னூட்டத்து வர்க்கத்தால் வகுத்தாலும் இவ்வெண்ணே கிடைக்கும்!

கட்டியாயுள்ள பிஸ்மத் என்றுமே மீக்கடத்தியாகாதா? இவ்வினாவிற்கு விடை நம் நாட்டிலேயே கிடைத்தது. மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ச. இராமகிருஷ்ணன், தமிழ்வேல் முதலியோர், 99.9999 விழுக்காடு தூய பிஸ்மத் படிகத்தைத் தனிச்சுழி வெப்பநிலையின் அருகே கொண்டுசென்றனர். 0.00053 கெல்வினுக்குக் கீழே அது மீக்கடத்தியாவதை 2016 டிசம்பரில் அறிவித்தனர். அந்நிலை மிக மென்மையானது. பூமியின் காந்தப்புலமே அதனைக் கெடுத்துவிடும். ஆகவே அப்புலம் அணுகாவண்ணம் மறைப்பிட்டுச் சோதித்தனர்.

பிஸ்மத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் அணுக்களுக்கு ஓர் எலெக்ட்ரானே மின்சாரத்தைச் சுமக்கின்றது. 1957-ஆம் ஆண்டுக் கொள்கையோ, எலெக்ட்ரான்கள் அணுக்களின் அதிர்வினும் மிக விரைந்து இயங்குவதாகக் கொண்டு எழுந்தது. பிஸ்மத்தில் அத்தகைய பெரும் வேறுபாடு இல்லை. எனவே, அங்கே எலெக்ட்ரான்களை இணைப்பது எது என்பதை அக்கொள்கையால் விளக்க இயலவில்லை.