சர்க்கரைக்கு முன் இடுப்பை அளந்து பாருங்கள்

உடற்பருமனோடு சர்க்கரை நோயும் உள்ளவர்கள் மாதந்தோறும் இரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுகிறார்கள். இடுப்பை அளப்பவர்கள் குறைவு. அங்கிருந்துதான் தொடங்கச் சொல்வேன். தையல் டேப் போதும். காலையில் வெறும் வயிற்றில், வயிற்றை எக்காமல், மூச்சை விட்டபின், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் சுற்றி அளந்து எழுதி வையுங்கள். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை.

தொப்பைக்குள் குடலைச் சுற்றி அடையும் கொழுப்பு பெருகப் பெருக, நோய் எதிர்ப்பு அணுக்கள் அங்கே குவிந்து டி.என்.எஃப். ஆல்ஃபா போன்ற பொருள்களைச் சுரக்கும். அவை இன்சுலினை வேலை செய்யவிடாது. வலியோ காய்ச்சலோ இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நடக்கும் இதைத்தான் நாள்பட்ட அழற்சி என்கிறோம். அழல் என்றால் நெருப்பு, சரியான பெயர்தான். டாக்டர் சொன்னால் அழற்சியின் அளவைக் காட்டும் எச்.எஸ். சி.ஆர்.பி. இரத்தப் பரிசோதனை செய்யலாம். லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால் அதிகம். சளியோ பல் வீக்கமோ இருக்கும்போது எடுக்காதீர்கள், அதனாலேயே அளவு ஏறிவிடும்.

அடுத்தது தட்டு. பாதித் தட்டில் பொரியலும் கூட்டும் வைத்தபிறகே சோற்றுக் கரண்டியைத் தொடுங்கள். சோற்றுக்குக் கால் பங்கு. மீதிக் கால் பங்கு சுண்டல், பருப்பு, முட்டை, மீன். சோற்றை விட்டுக் கேழ்வரகுக் களிக்கு மாறிவிட்டோம் என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். களியிலும் மாவுச்சத்துதான், அளவு குறைந்தால்தான் பலன். மாலை டீயின் சர்க்கரையும் பஜ்ஜியும் முதல் வாரமே போகட்டும். அழற்சி குறையுமென்று மஞ்சள் மாத்திரைக்குச் செலவிடும் பணத்தில் காய்கறி வாங்குங்கள் என்பேன்.

இதற்குப் பலன் உண்டா? அமெரிக்காவின் லுக் அஹெட் ஆய்வில் பருமனான சர்க்கரை நோயாளிகள் ஓராண்டு உணவைக் குறைத்து உடற்பயிற்சியும் செய்தார்கள். சி.ஆர்.பி. ஏறக்குறைய 44 விழுக்காடு இறங்கியது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 17தான். 90 கிலோ உள்ளவர் 6 கிலோ குறைத்தாலே நல்ல தொடக்கம்.

நடையை விடிகாலைக்கு மட்டும் ஒதுக்காதீர்கள். ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டதும் 10 நிமிடம், மொட்டைமாடியிலோ தெருவிலோ. இயங்கும் தசை இன்சுலின் இல்லாமலேயே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வாரத்துக்கு 150 நிமிடம் சேர வேண்டும். அதோடு வாரம் 2, 3 நாள் தசைக்கும் வேலை: கை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 முறை, சுவரில் கை வைத்துத் தள்ளுவது 10 முறை. மூட்டு வலிப்பவர்கள் உட்கார்ந்தபடியே காலை நீட்டி மடக்கலாம்.

இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் சர்க்கரையைப் பார்த்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்குங்கள். 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகே. சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். வியர்த்து, கை நடுங்கினால் உடனே நிறுத்தி 3 டீஸ்பூன் சாப்பிடுங்கள். கால் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. வீடு திரும்பியதும் பாதத்தைப் புரட்டிப் பாருங்கள். விழித்திரை பாதிப்பு உள்ளவர்கள் பாரம் தூக்குமுன் கண் மருத்துவரைக் கேளுங்கள்.

மூன்று மாதம் கழித்து அதே டேப், அதே இடம். எடை அசையாமல் இடுப்பு மட்டும் சுருங்கியிருந்தால் மனம் தளராதீர்கள், கரைய வேண்டியது கரைகிறது. சர்க்கரை இறங்கிவிட்டதென்று மாத்திரையை நீங்களே நிறுத்தாமல், எழுதி வைத்த நோட்டோடு டாக்டரிடம் போங்கள். அளவைக் குறைக்கலாமா என்று அவர் பார்த்துச் சொல்வார்.