முதல் வண்டி வாங்கும் தம்பிக்கு

ஆனைமலைச் சுற்றுவட்டாரத்தில் இளநீரும் தேங்காயும் நாரும் இருக்கிற வரைக்கும் லாரிக்கு வேலை இருக்கும். அந்தத் தைரியத்தில்தான் லைசென்ஸ் வாங்கின கையோடு சொந்த வண்டி எடுத்துத் தானே ஓட்டுவது என்று கிளம்புகிறாய். ஆசை தப்பில்லை. சங்ககிரி, நாமக்கல் பக்கம் சம்பளத்துக்கு ஓட்டிய எத்தனையோ பேர் முதலாளி ஆனது இப்படித்தான். ஆனால் அவர்கள் தொழிலைப் படித்துவிட்டு வண்டி வாங்கினார்கள். அனுபவம் குறைவாக உள்ள உனக்கு நான் சொல்ல வேண்டியவை இவை.

1. டியூவைச் சின்னதாக வை. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். மாதத் தவணை கழுத்தை நெரித்தால், கூட ஏற்றச் சொல்லும் வியாபாரியிடமும், விடியறதுக்குள்ளே மார்க்கெட்டில் நிற்கணும் என்று விரட்டும் புக்கிங் ஆபீசிலும், “முடியாதுங்க” என்று சொல்ல உனக்கு வாய் வராது. புது டிரைவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் உயிரைக் காக்கும். தோட்டத்துப் பத்திரத்தை அடகு வைத்துப் பத்துச் சக்கர வண்டி எடுப்பதைவிட, கைக்காசு பாதி போட்டு ஒரு சின்ன வண்டி எடு.

2. சின்ன வண்டிக்குச் சட்டமும் துணை நிற்கிறது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6-ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதற்கு மேல் போனால் கனரக லைசென்ஸ். வயது 20 ஆகியிருக்க வேண்டும், இலகுரக லைசென்ஸ் கையில் வந்து ஒரு வருஷமாவது கடந்திருக்க வேண்டும்.

3. அந்த ஒரு வருஷத்தை இன்னொருவர் வண்டியில் கிளீனராக, மாற்று டிரைவராகக் கழி. நாமக்கல்லில் அசோக் லேலண்ட் ஓட்டுநர் பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே போவதும் நல்லது. ஆனால் தார்பாய் இழுத்துக் கட்டுவதும், தோப்புக்குள் வாய்க்கால் ஓரமாக ரிவர்ஸ் எடுப்பதும் ரோட்டில்தான் வரும். பின்னால் ஜோடி டயரில் உள்டயர் காற்று இறங்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. லீவரால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வா. நல்ல டயர் ‘டங்’கென்று திருப்பி அடிக்கும், காற்றில்லாதது மந்தமாக அமுங்கும். நிறுத்துகிற இடத்திலெல்லாம் இதைச் செய்கிறவர் யாரோ, அவரிடம் தொழில் படி.

4. பழைய வண்டி என்றால் புரோக்கரை நம்பிப் போகாதே, உன் மெக்கானிக்கைக் கூட்டிப் போ. எஞ்சின் சூடாக இருந்தால் ஆறவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல். அடியில் படுத்து சேசிஸில் வெல்டிங் வைத்த தடம் உண்டா பார். வண்டியில் இருப்பது ரீபட்டன் டயரா என்று பார். எஃப்.சி., பர்மிட், வரி, கட்டாமல் கிடக்கும் அபராதம், பைனான்ஸ் முடிந்த என்.ஓ.சி., எல்லாம் பார்த்த பிறகே அட்வான்ஸ்.

5. ஆர்.சி. உன் பெயரில் இருக்கட்டும். நம் பக்கம் பெரும்பாலும் அப்பா பெயரில் எடுத்து மகன் ஓட்டுவான். இன்சூரன்ஸில் உரிமையாளர்-ஓட்டுநருக்கு என்று 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு இருக்கிறது. ஆர்.சி.யில் பெயர் உள்ளவர், செல்லுபடியாகும் லைசென்ஸோடு, தானே ஓட்டினால்தான் அது பொருந்தும். அப்பா பெயரில் வண்டி இருந்து மகனுக்கு ஏதாவது ஆனால் அந்தக் காப்பு குடும்பத்துக்குக் கிடைக்காது. வண்டியை விற்றாலும் உடனே பெயரை மாற்றிக் கொடு. பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

6. கண்ணு, பாரம் விஷயத்தில் கணக்குப் போட்டுப் பார். ஒரு இளநீர் இரண்டரைக் கிலோ என்று வைத்தாலும், “இன்னும் ஐந்நூறு காய்தானே” என்றால் ஒன்றேகால் டன். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 தனி. மிகுதியை இறக்கிவிட்டுத்தான் வண்டி நகரும், இறக்கின காய் வெயிலில் கிடக்கும். நார் லோடு வேறு மாதிரி. எடை குறைவு, உயரம் அதிகம், வளைவில் சாய்க்கும். நார்க்கழிவு நனைந்தால் வழியிலேயே எடை ஏறிவிடும், தார்பாயில் ஓட்டை இருக்கக் கூடாது.

7. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஏறுவதற்குப் பயப்படாதே, இறங்குவதற்குப் பயப்படு. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவனோடு சேராதே. பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் காய்ந்து, கடைசி வளைவுகளில் பிடிக்காது. ஏறிவரும் வண்டிக்கு வழி விட வேண்டியது இறங்குகிறவன். மைசூர் லோடுக்கு திம்பம் மலை வழி போவதானால் அங்குள்ள இரவுத் தடையை விசாரித்துவிட்டுக் கிளம்பு.

8. வாடகை முழுக்க வருமானம் இல்லை. வண்டிக்குத் தனி பேங்க் கணக்கு வை. டீசல், டோல், கமிஷன் போக நிற்பதில் டியூ, டயர், எஃப்.சி., இன்சூரன்ஸ் நான்குக்கும் மாதாமாதம் எடுத்து வை. 12 டன்னிலிருந்து 20 டன் வரையுள்ள வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியமே 2022-ல் வரிக்கு முன் 35,313 ரூபாய். உன் படியையும் சம்பளத்தையும் செலவில் எழுது. அதை எழுதிய பிறகும் மிஞ்சினால்தான் வண்டி சம்பாதிக்கிறது. ரிட்டன் லோடு, இறக்குக் கூலி, ஹால்ட்டிங், மூன்றையும் ஏற்றுவதற்கு முன்பே பேசு.

9. சம்பள டிரைவருக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்று 1961-ஆம் வருஷச் சட்டமே சொன்னது. சொந்த வண்டிக்காரனை நிறுத்த ஆளில்லை. கண் செருகினால் பங்க்கில் நிறுத்திப் படு.

பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பையன் அடம்பிடிக்கிறான் என்று வண்டி எடுத்துக் கொடுத்துவிடாதீங்க. ஒரு வருஷம் நல்ல டிரைவரிடம் அனுப்பி வையுங்க. திரும்பி வந்தும் லாரிதான் வேணும் என்று சொன்னால், தயங்காமல் வாங்கிக் கொடுங்க.