எண்களின் முன்பின் முறை: மெய்நிகர் வலைக்கருவிகளைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

புதுச்சேரியைச் சார்ந்த வாகூரில், ஒன்பதாம் நூற்றாண்டிலேயே உயர்கல்வி பயிற்றும் வித்தியாஸ்தானம் ஒன்று விளங்கிற்று. அதற்கு மூன்று ஊர்களை அறமாக விட்ட செய்தியை, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் எழுந்த வாகூர்ச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. கல்லூரியிற் பயிலும் நாம், நமக்கு முன் அங்கே பயின்றாரை நினைத்தல் தகும். எனினும் இக்கட்டுரையில் அச்செப்பேடுகளை நாம் எடுத்துக்கொண்டது பிறிதொரு காரணம் பற்றியேயாம். அவற்றில் வடமொழியும் தமிழும் ஒருங்கே அமைந்துள்ளன. ஐம்பத்து நான்கு என்று தமிழில் நாம் பெரியதை முன்னும் சிறியதைப் பின்னுமாகச் சொல்லுகின்றோம். வடமொழியிலோ 'சதுஷ்பஞ்சாசத்' எனச் சிறியது முன்னும் பெரியது பின்னுமாக வரும். எண் ஒன்றே, வரும் முறை வேறு. ஒரே வளையத்திற் கோத்த ஏடுகளில் இவ்விரு மொழிகளும் பிணக்கின்றி இருப்பதற்குக் காரணம், எப்பகுதி எம்மொழி என்பது படிப்போனுக்குத் தெரிந்திருத்தலேயாம். அத்தெரிவு இல்லையாயின் விளைவது யாது? இக்காலத்துக் கணினி வலைப்பின்னலில் அக்கேள்வி நாள்தோறும் எழுகின்றது.

பைட்டு வரிசையாவது யாது?

கணினியின் நினைவகம் வரிசையாக எண்ணிடப்பட்ட சிறு அறைகளால் ஆயது. ஓரறையில் ஒரு பைட்டு அடங்கும். அது 0 முதல் 255 வரையுள்ள எண்ணையே கொள்ளும். அதனினும் பெரிய எண்ணை இரண்டு அறைகளிலோ நான்கு அறைகளிலோ பிரித்து வைத்தல் வேண்டும். 1448 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். அஃது ஐந்து 256-களும் எஞ்சிய 168-உம் ஆகும். இவற்றுள் 5 என்னும் பெரும்பகுதியை முதலறையில் வைத்தல் ஒரு முறை. 168 என்னும் சிறுபகுதியை முதலறையில் வைத்தல் மற்றொரு முறை. முன்னையதைப் பெருமுதல் முறை என்றும், பின்னையதைச் சிறுமுதல் முறை என்றும் இங்கே வழங்குவோம். ஆங்கிலத்தார் இவற்றைப் பிக் எண்டியன், லிட்டில் எண்டியன் என்பர்.

இப்பெயர்களைக் கணினித் துறைக்குக் கொணர்ந்தவர் டானி கோஹன் என்னும் அறிஞர். 1980-ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரையில், ஜோனதன் ஸ்விப்டு 1726-இல் வெளியிட்ட கல்லிவரின் யாத்திரைக் கதையினின்று இப்பெயர்களை எடுத்தாண்டார். முட்டையைப் பெருமுனையில் உடைப்பதா சிறுமுனையில் உடைப்பதா என்று லில்லிப்புட்டு நாட்டார் போரிட்ட கதையை நம்முட் பலர் படித்திருப்போம். எம்முறை சிறந்தது என வழக்காடுவதினும், யாதேனும் ஒன்றில் உடன்படுதலே இன்றியமையாதது என்பது கோஹன் கருத்து.

வழக்கு எழுந்ததற்குக் காரணமும் உண்டு. 1964-இல் வெளிவந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் சிஸ்டம் 360 என்னும் கணினி பெருமுதல் முறையைக் கையாண்டது. 1978-இல் வந்த இன்டெல் 8086 என்னும் செயலி சிறுமுதல் முறையைக் கொண்டது. நம் மேசைக் கணினிகளிற் பெரும்பாலானவை அதன் வழிவந்தவையே. இணையத்தின் அடிப்படை நெறியை வகுத்து 1981-இல் வெளிவந்த ஏடோ, வலையிற் செல்லும் எண்கள் பெருமுதலாகவே செல்லுக என விதித்தது. ஆதலின் சிறுமுதற் கணினி தன் எண்ணை வலையில் விடுமுன் பைட்டுகளை மாற்றி வைத்தலும், வலையினின்று பெற்றதை மீண்டும் மாற்றிக் கொள்ளுதலும் கடமையாயின.

நம்மூர் வழக்கில் ஓர் எடுத்துக்காட்டு

இதனை நம் நாட்டு ஆவணங்களைக் கொண்டு விளக்குவோம். பழைய தமிழ்ப் பத்திரங்களில் முதலில் வருடம், பின் மாதம், அதன்பின் தேதி என எழுதுவர், இது பெருமுதல். இக்காலத்தில் இலக்கத்தால் எழுதுங்கால் தேதி, மாதம், ஆண்டு என எழுதுகின்றோம், இது சிறுமுதல். அமெரிக்கரோ மாதத்தை முன்வைத்துத் தேதியை நடுவில் வைப்பர்.

வில்லியனூரை அடுத்த கீழூரில் புதுச்சேரியின் வருங்காலத்தைப் பற்றிய வாக்கெடுப்பு நிகழ்ந்த நாள் 18-10-1954. இதனை எந்நாட்டார் படிப்பினும் பிழை நேராது; பதினெட்டாம் மாதம் இன்மையின் வரிசை தானே வெளிப்படும். அதன் பயனாகப் புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்த நாள் 1-11-1954. நாம் இதனை நவம்பர் முதல் நாள் என்போம். அமெரிக்கன் ஜனவரி பதினோராம் நாள் என்பான். அவன் படித்ததிற் பொருளின்மை யாதும் தோன்றாது. ஆயினும் வாக்கெடுப்பிற்கு ஒன்பது திங்கள் முன்னரே ஆட்சி மாறியதாக முடியும். மூன்றாவதாக 11-11-1954 என ஒரு நாளை எழுதுவோமாயின், எம்முறையிற் படிப்பினும் ஒன்றே.

பைட்டுகளின் இயல்பும் இம்மூன்றேயாம். சில எண்கள் தவறாகப் படிக்கப்பட்டவுடன் தம்மைக் காட்டிக்கொடுக்கும். சில, பொருந்துவனபோல் நின்று ஏமாற்றும். 0, 257 போன்ற சில, எப்படிப் புரட்டினும் மாறா. மூன்றாம் வகை எண்ணைக் கொண்டு சோதித்தவன் தன் வேலை செவ்விது என்று மகிழ்வான். பிழை உள்ளே உறங்கும்.

மெய்நிகர் வலைக்கருவி

இனி நம் பொருளுக்கு வருவோம். ஒரு கணினிக்குள்ளே மென்பொருளால் மற்றொரு கணினியை அமைத்து இயக்குதல் இக்காலத்து வழக்கம். இடந்தரும் கணினியைப் புரவலன் என்றும், உள்ளே இயங்குவதை விருந்தினன் என்றும் கூறுவோம். விருந்தினனுக்கு உண்மையான வலையட்டை இல்லை. அட்டைபோலத் தோன்றும் ஒன்றைப் புரவலன் காட்டுகின்றான். அதனொடு பேசும் விருந்தினனின் மென்பொருட் பகுதியே மெய்நிகர் வலைக்கருவி இயக்கி. ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையாக இதனை அமைத்துவந்த காலத்தில், ரஸ்டி ரஸ்ஸல் என்பவர் லினக்ஸில் விர்ட்டியோ என்னும் பொதுமுறையை ஏற்படுத்தினார். 2008-இல் அதனை விளக்கிக் கட்டுரையும் எழுதினார்.

விருந்தினன் ஒரு செய்திப்பொதியை அனுப்புங்கால், அதன்முன் ஒரு சிறு முகப்பை வைக்கின்றான். பொதி பழுதுறாமையைக் காட்டும் சரிபார்ப்புத் தொகையை எந்தப் பைட்டிலிருந்து கணக்கிடுவது, தொகையை எங்கே எழுதுவது, பெரும்பொதியை எத்துணைப் பைட்டுகளாகத் துண்டிப்பது என்னும் எண்கள் அதில் அடங்கும். அவ்வேலைகளைத் தான் செய்யாது புரவலனுக்கு விடுக்கும்போதே இவ்வெண்கள் நிரப்பப்படும். இல்லையெனில் அவ்விடங்கள் 0 ஆகவே நிற்கும்.

தொடக்கத்தில் இம்முகப்பின் எண்கள் விருந்தினனின் இயல்பான முறையிலேயே இருக்கலாம் என விதித்தனர். புரவலனும் விருந்தினனும் ஒரே வகைச் செயலியில் இயங்கியவரை இதனால் இடர் இல்லை. ஆனால் பவர், ஆர்ம் என்னும் செயலிகள் இருமுறையிலும் இயங்க வல்லன. அவற்றின்மீது புரவலன் ஒரு முறையிலும் விருந்தினன் மற்றொரு முறையிலும் இயங்குதல் கூடும். அப்பொழுது புரவலன் கையில் வந்த இரண்டு பைட்டுகள் எம்முறையின என்பதை அப்பைட்டுகளை நோக்கி அறிதல் இயலாது.

விளைவைக் கணக்கிட்டுக் காண்போம். ஈதர்நெட்டு முகப்பு 14 பைட்டு. அதன்பின் வரும் இணைய முகப்பு, குறைந்த அளவில், 20 பைட்டு. ஆகவே சரிபார்ப்புக் கணக்கு 34-ஆம் பைட்டிலிருந்து தொடங்குக என இயக்கி எழுதுகின்றது. வரிசை மாறிப் படித்தால் 34 என்பது 8704 ஆகும். துண்டின் அளவாகிய 1448 என்பது 43013 ஆகும். ஆயிரத்தைந்நூறு பைட்டுள்ள பொதியில் 8704-ஆம் பைட்டு ஏது? புரவலன் அதனைத் தள்ளிவிடுவான். ஆனால் வழி திறந்துளதா என வினவும் 'பிங்' என்னும் சிறுபொதி அச்சரிபார்ப்பு உதவியை நாடாது. அனுப்புங்கால் அதன் முகப்பில் அவ்விடங்கள் 0. சுழியத்தைப் புரட்டினும் சுழியமே. ஆதலின் வினாப்பொதி தடையின்றிச் செல்லும். கோப்பை அனுப்பப் புகுந்தால் இணைப்பு நின்றுவிடும். மாணவன் கம்பியையும் வழிச்செலுத்தியையும் ஐயுறுவானேயன்றி, இரண்டு பைட்டுகளை ஐயுறான்.

இக்குழப்பத்தை நீக்கவே, விர்ட்டியோ 1.0 விதிநூல், முகப்பின் எண்கள் யாவர்க்கும் எப்பொழுதும் சிறுமுதலாகவே இருத்தல் வேண்டும் என அறுதியிட்டது. ஈண்டு மாணவர் மயங்கும் இடம் ஒன்றுண்டு. முகப்பு சிறுமுதல், அதன்பின் வரும் பொதியின் உள்ளிருக்கும் இணைய எண்களோ பெருமுதல். ஒரே உறையில் இருமுறையும் அடங்கும். வாகூர் ஏடுகளில் இருமொழியும் அடங்கியவாறு போல என்க. மெய்நிகர் கருவியின் இயக்கி தன் முகப்பை மட்டுமே மாற்றுதற்குரியது. பொதியின் உள்ளே கைவைத்தல் அஞ்சற்காரன் பிறர் கடிதத்தைத் திருத்துதல் போலாம்.

பிழையைத் தவிர்க்கும் வழி

மனித நினைவை நம்பாது, எண்ணின் வகையிலேயே அதன் வரிசையை எழுதிவைத்தலே நல்வழி. லினக்ஸ் நிரலில் சிறுமுதல் எண்ணுக்கு ஒரு வகைப்பெயரும், பெருமுதல் எண்ணுக்கு மற்றொன்றும், பழைய புதிய விர்ட்டியோ இரண்டிற்கும் பொதுவாக மூன்றாவதொன்றும் உண்டு. மாற்றாமல் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்தால், ஸ்பார்ஸ் என்னும் ஆய்வுக்கருவி நிரலை ஓட்டுமுன்னரே சுட்டிக்காட்டும்.

இவ்வறிவு நம் முன்னோர்க்குப் புதிதன்று. பழந்தமிழ் இலக்கத்தில் 1954 என்பதை ௲௯௱௫௰௪ என எழுதினர். ஆயிரம், நூறு, பத்து என்னும் குறிகள் உடனிருத்தலின், ஒவ்வோர் இலக்கமும் தன் மதிப்பைத் தானே கூறும். நிலக்கொடைச் சாசனங்களிலும் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என ஒவ்வோர் எல்லைக்கும் திசையின் பெயரைத் தனித்தனியே பொறித்தனர். படிப்போன் வரிசையை ஊகித்துக்கொள்வான் என விட்டாரல்லர். ஊகத்திற்கு விட்ட எல்லை வழக்கிற்கு வித்தாகும் என்பதை அவர் அறிவர்.

இஃது ஏட்டளவில் நிற்கும் வாதமன்று. 1998-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவிடமாகக் கொண்டு, புதுச்சேரிச் சிற்றூர்களைக் கம்பியில்லா வானொலிக் கருவிகளால் இணைத்துத் தகவல் நிலையங்களை நிறுவிற்று. வீராம்பட்டினத்து மீனவர்க்குக் கடலலையின் உயரம் அந்நிலையத்தின் ஒலிபெருக்கியால் அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, சிங்கப்பூரினின்று தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை நல்லவாட்டு நிலையத்தின் ஒலிபெருக்கி ஊரெங்கும் பரப்ப, மக்கள் உயிர் பிழைத்தனர். சொன்னவரும் கேட்டவரும் ஒருமொழியினராதலின் அச்சொல் உடனே பொருளாயிற்று. கணினிகள் தமக்குள் எண்ணால் அறிவிக்கும் அலையின் உயரத்திற்கோ அத்தகைய தாய்மொழி இல்லை. இரண்டு அடி என அனுப்பியதை வரிசை மாற்றிப் படித்தால் 512 அடியாகும். அத்தகைய நிலையத்தை நம்பிக் கடலிற் செல்வார் எவர்?

ஆதலின் இயக்கி எழுதப் புகும் மாணவர் மூன்றனைக் கைக்கொள்க. எண்ணைப் பெறும் இடத்திலேயே அதன் வரிசையை வகையாற் குறித்திடுக. சுழியத்தைக் கொண்டு சோதித்து மனநிறைவு கொள்ளாது, புரட்டினால் மாறும் எண்ணைக் கொண்டு சோதித்திடுக. தம் கணினியில் ஓடியது போதும் என்னாது, எதிர்முறைக் கணினியிலும் ஓட்டிக் காண்க. பைட்டுகள் தம் வரிசையைத் தாமே உரையா. அதனை உரைத்தல் எழுதுவோன் கடமை.